பூந்தமல்லியில் பேசிக்கொண்டோம்

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார் என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டு வாசலில் மளிகைக் கடை அட்டைப்பெட்டிகள் சேர ஆரம்பித்தால் தெரிந்துவிடும். பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரைக்காரர் மதுரைக்கும் வேலூர்க்காரர் வேலூருக்கும் போவார்கள். சிலர் பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ வீடு பார்த்துக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிடுவார்கள். போவதா தங்குவதா என்பதை வீட்டு ஆண் முடிவு செய்வார். பெண் பெட்டிகளில் பாத்திரம் அடுக்குவாள்.

எங்கள் வாசலிலும் பெட்டிகள் சேர்ந்தன. என் கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது இரண்டு மூன்றை மடித்து வண்டியில் கட்டி எடுத்து வருவார். பட்டாபிராமுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே வாடகை வீடு பார்க்கலாம் என்று நாங்கள் முன்பு பேசியிருந்தோம். தென்காசிப் பக்கத்திலுள்ள அவருடைய ஊரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் தங்குவதற்கு என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். என் கணவர் அவரிடம், "ஊர்ல பூச்சு வேலையும் முடிஞ்சிட்டு. ரிட்டயர் ஆன மறு வாரமே ரெண்டு பேரும் கெளம்பிருவோம். இனிமே அங்கதான்" என்றார். மீதியுள்ள என் வாழ்க்கை எங்கே நடக்கப்போகிறது என்பது, வந்த விருந்தாளிக்குச் சொல்லப்பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விருந்தாளி கிளம்பும் வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, "நான் வரலைங்க" என்றேன்.

அவருக்கு அது புரிந்த மாதிரியே இல்லை. "எங்க?" என்று கேட்டார்.

"உங்க ஊருக்கு."

நான் பிறந்தது மண்ணூர்பேட்டை. என் தாத்தா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழுதவர். அந்த வயல்கள் தொழிற்பேட்டை ஆனபோது என் அப்பா அதில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அதே பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், கடைசிப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஆவடியில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். பெட்டியில் போகும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்து வைப்பது என் வேலை. சரியில்லை என்று நான் ஒதுக்கிய பாகத்தை மேனேஜர் கேட்டாலும் பெட்டியில் சேர்க்க மாட்டேன். அங்கே என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவருடைய ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. மெட்ராஸ்காரி, இல்லாவிட்டால் இன்னான் பொண்டாட்டி. எனக்கு ஓய்வு வயது வர இன்னும் நாள் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அந்த ஊர்த் தெருவில் போய் உட்கார எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் சொன்னேன். அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். பிறகு பேச்சே நின்றது. அவர் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போவதை நிறுத்திவிட்டு கேண்டீனில் சாப்பிட ஆரம்பித்தார். குவார்ட்டர்ஸில் அது தண்டோரா போட்ட மாதிரி. ஒரு வாரத்துக்குள் தெற்கத்திக்காரர்கள் 'உட்காரப்போகிறார்கள்' என்று செய்தி வந்தது.

இந்த உட்காருவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு ஜில்லாக்காரர்களும் ஒரு சொந்தக்காரக் கூட்டம் மாதிரி. யார் வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால், அந்த ஜில்லாக்காரர்களில் வேலையில் பெரிய கிரேடில் இருப்பவர் வீட்டில் கூடுவார்கள். ஆண்கள் நாற்காலியில் இருப்பார்கள். சண்டை போட்ட பெண் சமையலறை நிலைப்படியில் நிற்பாள். அவள் சார்பில் அவளுடைய அண்ணனோ மாமனோ பேசுவார். யாரும் வராவிட்டால் பேசாமலே நிற்பாள். இப்படி நடந்த பல கூட்டங்களுக்கு நான் காபி கொடுத்திருக்கிறேன். குடிகாரப் புருஷன், கை நீட்டிய புருஷன், சம்பளத்தை வீட்டுக்குக் கொடுக்காத புருஷன், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே தீர்ப்புதான் வரும். "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." பிறகு பஜ்ஜி வரும்.

"நான் உட்கார மாட்டேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். "உட்கார விடவும் மாட்டாங்க. நிக்கத்தான் விடுவாங்க."

ஊரிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார். எங்கள் கல்யாணம் முதல் இன்றுவரை என் கணவருக்காகப் பேசுகிறவர் அவர்தான். பெண் பார்க்க வந்தபோதுகூட, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர் அவர்.

"ஏம்மா தாயி, புருஷன் போற எடத்துக்கு வரமாட்டேன்னா என்னம்மா அர்த்தம்? ஒண்ணு சேந்து இரி, இல்லைன்னா தீத்துக்கிட்டுப் போ. நடுவுல என்ன கெடக்கு?"

"நடுவுலதான் அத்தான் எல்லாமே கெடக்கு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சொன்ன பிறகுதான், அது என்ன என்று எனக்கே தெரியவில்லை என்பது புரிந்தது. எனக்கு விவாகரத்து வேண்டாம். அவர் மோசமான மனிதர் இல்லை. என் ரயிலையும் என் வேலையையும் விடமாட்டேன், அவரையும் விடமாட்டேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த இடத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குத் துணையாகப் பூந்தமல்லி நீதிமன்றத்துக்கு ஒருமுறை போனபோது, வளாகத்தில் 'சமரச மையம்' என்று ஒரு பலகை இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி போய் விசாரித்தேன். வழக்கு போட வேண்டாம், சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும், இருவரையும் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள் என்று சொன்னார்கள். யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்த மாதிரி இருந்தது. மனு கொடுத்தேன். அன்று மாலையே கணவரிடம் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கோர்ட்டுல ஏத்திட்டியா என்னைய? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல கேஸுன்னு ஒரு பேப்பர் வந்தா போதும், அம்புட்டும் நின்னு போயிரும் தெரியுமா?"

சர்க்கார் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. இது கேஸ் இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. அழைப்புக் கடிதம் தபாலில் வந்த அன்று எங்கள் பிளாக் முழுவதும் அதைத்தான் பேசியது. கேட் வாசலில் கீரை விற்கும் அம்மா என்னை நிறுத்தி, "இன்னாக்கா, அண்ணாத்தே மேல கேஸு போட்டுகினியாமே? அடிச்சாரா?" என்று கேட்டார்.

"அடிக்கலைம்மா."

"குடிக்கிறாரா?"

"இல்லை."

"அப்பால வேற ஊடு எதுனா வச்சிகினு கீறாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. பேசணும், அவ்வளவுதான்."

அவர் கீரைக்கட்டை என் பையில் போட்டார். "பேசறதுக்கு இன்னாத்துக்குக்கா கோர்ட்டு? ஊட்ல வாய் இல்லியா?"

நல்ல கேள்விதான். வீட்டில் வாய் இருந்தது. அந்த வாயைத் திறந்தால் என் கணவருக்காக அவர் அண்ணன் பேசினார், எனக்குப் பேச யாரும் இல்லாததால் அது சண்டை என்று ஆனது. ஆனால் அந்த அம்மாவைவிட மற்றவர்கள்தான் என்னைச் சங்கடப்படுத்தினார்கள். எதிர் வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு அனுப்புவது நின்றது. மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். நான் அழுதுகொண்டே போலீஸ் ஸ்டேஷன் போயிருந்தால் பாவம் என்று சொல்லியிருப்பார்கள். நிலைப்படியில் நின்று மூக்கைச் சிந்தியிருந்தால் நல்லவள் என்று சொல்லியிருப்பார்கள். கட்டிய புருஷனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு இது வேண்டும், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காமலே இருக்கட்டும் என்று விட்டேன். கோவையில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் வரணுமாம்மா?" என்றாள். "வேணாம். இது எங்க ரெண்டு பேர் விஷயம்" என்றேன்.

சமரச மையத்துக்கு வரச் சொன்ன முதல் நாள் நான் பேருந்தில் போய் இறங்கியபோது வளாகத்தில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து என் கணவரின் அண்ணன் இறங்கினார். பின்னால் அவருடைய மனைவி, இரண்டு சித்தப்பாமார், குவார்ட்டர்ஸிலிருந்து தெற்கத்திக்காரர்கள் நான்கு பேர். எல்லோருக்கும் கடைசியில் என் கணவர். அண்ணன் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மேலே ஒரு பட்டு ஜாக்கெட் துணி.

எனக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. அவர்கள் ஊரில், கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன பெண்ணைச் சமாதானம் பேசி அழைத்து வரும்போது இப்படித் தட்டு வைப்பார்கள். பெண் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, வண்டி ஏற வேண்டியதுதான். சமரசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் இதுதான் அது என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். சர்க்காரே கூப்பிட்டு நடத்தி வைக்கிறது என்ற மரியாதை வேறு. அதனால்தான் பட்டுத் துணி. ரிட்டயர் ஆகும் வரை காத்திராமல் என்னையும் அட்டைப்பெட்டிகளையும் முன்னதாகவே ஏற்றிக்கொண்டு போக வேனையும் இரண்டு நாளைக்குப் பேசியிருந்தார்கள்.

எங்களைப் பேச வைக்க வந்த சமரசர் ஒரு வழக்கறிஞர். என்னைவிட வயதில் சிறிய பெண்மணி. அறைக் கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தவர் கொஞ்சமும் அசரவில்லை. "கணவர் யாரு, மனைவி யாரு? ரெண்டு பேர் மட்டும் வாங்க. மத்தவங்க இங்க உக்காருங்க."

"நாந்தாம்மா பேசணும்" என்றார் அண்ணன், தட்டை நீட்டியபடி. "அவனுக்குப் பேச வராது."

"வரும் சார். நேரம் இருக்கு."

உள்ளே ஒரு வட்ட மேசையும் மூன்று நாற்காலிகளும் இருந்தன. தான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை, இங்கே பேசுவதை வெளியே யாரும் சொல்லக்கூடாது, நீதிபதியிடம்கூடத் தான் சொல்லப்போவதில்லை என்று சமரசர் தொடங்கினார். அதை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். அந்த அறையில் நடந்ததில் என் கணவர் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். மீதி எங்களுடையது.

"சார், நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று சமரசர் கேட்டார்.

என் கணவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "எங்கண்ணன் சொல்லுவாரு."

"உங்கண்ணன் இவங்களுக்குக் கணவர் இல்லையே சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கழுத்து சிவந்துவிட்டது. "ஊருக்குப் போகணும். அவளும் வரணும். அம்புட்டுதான்" என்றார். ஏன் என்று சமரசர் கேட்டார். "ஊருன்னா போகணும்லா" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து வார்த்தை வரவில்லை. என் முறை வந்தபோது நான் நிதானமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அண்ணன் தலையை நீட்டி, "முடிஞ்சிட்டா? வண்டி நிக்கி" என்றார். என் கணவர் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி எழுந்து வெளியே போய்விட்டார்.

சமரசர் தன் நாட்குறிப்பைத் திறந்தார். "இன்னொரு தேதி போடட்டுமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். வெளியே அண்ணன் தட்டை என் எதிரே பிடித்தார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "இதை வாங்கினா வண்டி ஏறணும். நான் ஏற மாட்டேன் அத்தான். பழத்தை மட்டும் எல்லாருக்கும் குடுங்க, பசியா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அவர் லீவு போட்டுவிட்டு அந்த வேனிலேயே ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் எங்கள் வாழ்க்கை அன்றோடு முடிந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போகவில்லை. அடுத்த தேதியில் நான் போனபோது வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அண்ணனிடம் அடுத்த வாரம் என்று தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாழ்க்கையில் அண்ணனிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அது பட்டுத் துணியைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று சமரசர் எங்களோடு தனித்தனியாகவும் பேசினார், சேர்த்தும் பேசினார். சேர்ந்து உட்கார்ந்தபோது என் கணவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு இவ காலைல டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ரயிலுக்குப் போயிருவா. நான் பட்டாபிராம்ல யாரு? அங்க எவனுக்கு என்னையத் தெரியும்? பேக்டரி கேட்டுல இவ்வளவு நாளா சல்யூட்டு வச்சவன், மறுநாள் பாஸ் எங்கன்னு கேப்பான். ஊர்லன்னா பஸ் ஸ்டாண்டுல எறங்கினா நாலு பேரு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான்."

இத்தனை நாளும் அது அண்ணனின் ஆசை என்றே நினைத்திருந்தேன். "எனக்கும் அதேதாங்க" என்றேன். "எனக்குப் பேர் இருக்கிற இடம் இது. உங்க ஊர்ல எனக்கு அது இல்லை." அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக எதிர் எதிராக இழுத்துக்கொண்டிருந்தோம் என்பது அங்கே தெரிந்தது. தெரிந்ததால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அவர் ஊர் தெற்கே, என் ஊர் இங்கே. அதற்குப் பிறகு கணக்காகப் பேச வேண்டியிருந்தது. இன்னும் ஓர் அமர்வு ஆனது. நடுவில் ஒரு முறை அவர் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார், ஒரு முறை நான் போனேன்.

கடைசியில் எழுதியது இதுதான். பட்டாபிராமில் வாடகைக்கு வீடு எடுப்பது. குடும்ப வயலின் நடவுக்கும் அறுப்புக்கும், கோயில் கொடைக்கும் அவர் ஊருக்குப் போய் வேண்டிய நாள் இருப்பது. கொடைக்கும் பொங்கலுக்கும் நான் போவது. என் வேலையை நான் நிறுத்தும் வரை அதைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பது. எங்கள் விஷயமாக எந்தப் பக்கத்து உறவும் இனி உட்காருவதில்லை என்பது. எல்லாம் எழுதி முடிந்த பிறகு அவர், "ஊர்ல இருக்கையில மத்தியானம் போன் பண்ணிச் சாப்பிட்டீங்களான்னு இவ கேக்கணும்" என்றார். இதெல்லாம் எழுத வேண்டியதில்லையே சார் என்று சமரசர் சிரித்தார். "எழுதுங்க மேடம்" என்றேன் நான். எழுதினார். கையெழுத்துப் போட்டோம்.

இப்போது பட்டாபிராமில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அறுப்பு முடிந்து வந்தால் அவரே மார்க்கெட் போகிறார், எனக்கு டிபன் கட்டுகிறார், பருப்பில் உப்பு அதிகம் போடுகிறார். தெருமுனை டீக்கடையில் அவர் பெயர் தெரிந்துவிட்டது. எல்லாம் இனிமையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்கும் முகம் சரியாக இருக்காது. அவருடைய அண்ணன், என் மூத்தார், இன்னும் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை.

சென்ற மாதம் அம்பத்தூரில் ஒரு கல்யாணம். குவார்ட்டர்ஸ்காரர்களும் ஊர்க்காரர்களும் பந்தியில் இருந்தார்கள். மூத்தார் எங்கள் எதிர் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏலே, பாதி வருஷம் சம்சாரி, பாதி வருஷம் சன்யாசியாம்லா நீ? கோர்ட்டுல அப்படித்தான் பிரிச்சுக் குடுத்தாங்களோ?" என்றார். பந்தி சிரித்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

என் கணவர் முந்திக்கொண்டார். "யாரும் பிரிச்சுக் குடுக்கலண்ணே. நாங்களே பேசி வச்சிக்கிட்டோம். எங்க வீட்டுச் சங்கதிய இனிமே நானே பேசிக்கிடுதேன். நீங்க பாயசம் ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

மூத்தார் இலையைப் பார்த்துக் குனிந்தார். இந்த முறை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

கை கழுவும் இடத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்கள் பழைய பிளாக்கில் மாடிப்படியில் ஒதுங்கிப்போனவள். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "யக்கா, அது எங்க இருக்கு? பொம்பளைங்க தனியாப் போலாமா?" என்று கிசுகிசுத்தாள்.

நான் அவள் குழாயை மூடினேன். பின்னால் கை கழுவக் காத்திருந்த வரிசைக்கும் கேட்கட்டும் என்று என் குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன். "பூந்தமல்லி கோர்ட் வளாகத்துலேயே இருக்கு. தனியாப் போலாம். கேஸ் போட வேணாம், மனு போதும். அவரையும் வரச் சொல்லுவாங்க. வந்தா, அண்ணன் தம்பியை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லு."